சீனியர் வரைவைத் திருத்துகிறார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. எப்படிக் கேட்பது?

கழனிவாசல்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருட சட்டப் படிப்பில் நாலாம் வருஷம் படிக்கிறேன். இப்போது காரைக்குடியில் சிவில் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். பார் கவுன்சில் விதிப்படி எங்களுக்கு மொத்தம் 20 வாரம், தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. அதில் ஒரு பகுதியைச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி வழக்கு அலுவலகத்தில் முடித்தேன். அங்கே வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு படிவம் வரும். ஆராய்ச்சி, எழுத்து, நேரந்தவறாமை என்று கட்டம் போட்டு மதிப்பெண், கீழே இரண்டு வரிக் கருத்து. பிடிக்கிறதோ இல்லையோ, நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இங்கே அப்படி எதுவும் கிடையாது. அலுவலகம் என்பது ஒரு பழைய வீட்டின் முகப்பு. கட்சிக்காரர்கள் திண்ணையில், குமாஸ்தா பீரோ பக்கத்தில், சீனியர் உள்ளே. கூட ஒரு ஜூனியர் அக்கா இருக்கிறார்.

சென்ற வாரம் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்குப் பிராது (கோர்ட்டில் வாதி கொடுக்கும் வழக்கு மனு) எழுதிப் பார்க்கச் சொன்னார் சீனியர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் பழைய வீடு, நிறையப் பங்காளிகள், பாதிப் பேர் வெளிநாட்டில். (கட்சிக்காரரின் ஊர், பங்கு விவரம் இருந்த வரிகளை எடுத்துவிட்டேன். கீழே அதைச் சொன்ன தேவகோட்டை வக்கீல் அக்காவுக்கு நன்றி.) தன்னை வீட்டு வாசலிலேயே நிறுத்தி உள்ளே விடவில்லை என்று கட்சிக்காரர் கண் கலங்கச் சொன்னார். வழக்கின் உயிரே அதுதான் என்று நினைத்து ஒரு முழுப் பாரா எழுதினேன். சீனியர் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பாராவுக்குக் குறுக்கே ஒரே கோடு. சொத்து விவரத்தில் நாலைந்து இடத்தில் சுழித்தார். கோர்ட் கட்டணப் பாராவை மட்டும் அவரே கைப்பட எழுதினார். “டைப் பண்ணக் கொடு.” அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம். அலுவலக ஜூனியர் அக்கா “சுருக்கமா எழுதுப்பா” என்கிறார். சீனியரோ ஓரத்தில் “விவரம் போதாது” என்று எழுதியிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அதற்கு முன்பு ஒரு செக் பவுன்ஸ் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் கையெழுத்தாகித் தபாலில் போய்விட்டது. அதற்கும் நல்லது கெட்டது ஒரு வார்த்தை இல்லை.

இவரிடம் நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் “பாராட்டுக்கு அலைகிறான்” என்று நினைப்பாரோ என்று இருக்கிறது. கல்லூரி டைரியில் “வழிகாட்டும் வழக்கறிஞரின் கருத்து” என்று ஒரு கட்டம் வேறு காலியாகக் கிடக்கிறது.

மதுரை ஜூனியர்:

நண்பா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேள்விகளை வரிசையாக எழுதி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் வரும். கற்றுக்கொடுப்பது அவர் கடமை, நாம் சம்பளமும் வாங்குவதில்லை. இங்கே உயர் நீதிமன்றக் கிளையில் நான் இருக்கும் அலுவலகத்தில் அப்படித்தான் நடக்கிறது.

தேவகோட்டை வக்கீல்:

மின்னஞ்சலா? தம்பி, உங்கள் சீனியர் கட்சிக்காரருக்கே மின்னஞ்சல் அனுப்புவாரா என்று முதலில் பாருங்கள். மதுரைத் தம்பி சொல்வது அவர் இருக்கும் இடத்துக்குச் சரியாக இருக்கும்.

முதலில் ஒன்று. கட்சிக்காரர் ஊர், எத்தனை பங்கு, யார் எந்த நாட்டில் என்பதையெல்லாம் உடனே எடுத்துவிடு. செட்டிநாட்டில் ஒரு வீட்டைப் பற்றி மூன்று அடையாளம் சொன்னால் நாலாவதை வாசிப்பவரே சொல்லிவிடுவார். எதிர்த்தரப்பு வக்கீலின் மகனும் இதே இணையத்தில்தான் இருக்கிறான். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லாத கடமை வக்கீலோடு நிற்பதில்லை, குமாஸ்தாவுக்கும் அலுவலக ஊழியருக்கும் உண்டு. இன்டர்ன் மட்டும் விதிவிலக்கு என்று எந்த சீனியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். திருத்திய தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் அழித்துவிடு. தாள் வழக்குக் கட்டிலேயே இருக்கட்டும், அங்கே உட்கார்ந்து பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு பாராவை அடித்தார், ஒரு பாராவைத் தானே எழுதினார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாயா?

வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை, அதனால் இது என் ஊகம்தான். நம் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1955, 37-ஆம் பிரிவை எடுத்துப் பார். பாகம் கேட்கும் வாதி கூட்டு அனுபவத்தில், அதாவது மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து சொத்தைக் கைவசம் வைத்து, இருந்தால் 37(2), நிர்ணயித்த ஒரு தொகை கட்டினால் போதும். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் 37(1). அப்போது அவர் பங்கின் சந்தை மதிப்புக்கு விகிதப்படி கட்ட வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு நூற்றுக்கு 3. பங்கின் மதிப்பு ஒரு கோடி என்றால் மூன்று லட்சம் ரூபாயை எடுத்து வைத்துவிட்டுத்தான் வழக்கே ஆரம்பம். எது பொருந்தும் என்பதற்குக் கோர்ட் முதலில் பார்ப்பது பிராதில் நாம் எழுதியிருப்பதைத்தான். “உள்ளே விடவில்லை” என்று நீ ஒரு முழுப் பாரா எழுதினால், கட்சிக்காரரை நீயே 37(1)-க்குள் தள்ளிவிடுகிறாய்.

உடனே “அப்போ காசு மிச்சம் பண்ண உண்மையை மறைக்கிறாரா?” என்று கேட்பாய். நல்ல கேள்வி, கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரு நாள் வாசலில் நடந்த வாக்குவாதம் வேறு, அனுபவத்திலிருந்து வெளியேற்றுவது வேறு. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிக்கும் ஆன அனுபவம் என்பதுதான் சட்டத்தின் தொடக்கப்புள்ளி. நம் ஊர் வீட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றி அறைகள் இருக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஓர் அறை, அவரவர் பூட்டு. ஆள் எங்கோ இருப்பார், அறைக்குள் அவர் கல்யாணச் சாமான் இருக்கும், சாவி அவரிடம் இருக்கும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்து இலை போட்டுவிட்டுப் போவார். கோயில் வரியும் வீட்டுச் செலவும் புள்ளிக் கணக்கில் பிரித்துக் கொடுப்பார். இப்படி ஒருவர் இருந்தால் அவர் கூட்டு அனுபவத்தில்தான் இருக்கிறார். நான் எழுதினால் “மேற்படி வீட்டில் வாதி தமக்குரிய அறையைத் தம் பூட்டின்கீழ் வைத்துக்கொண்டு, இதர பங்காளிகளோடு கூட்டு அனுபவத்தில் இருந்து வருகிறார்” என்று ஒரே வரியில் முடிப்பேன். மாறாக, பூட்டை உடைத்து, சாமானை வெளியே போட்டு, பத்து வருஷமாக எட்டிப் பார்க்க விடவில்லை என்பதுதான் உண்மை என்றால், அதை எழுதித்தான் ஆக வேண்டும், கட்டணத்தையும் கட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு தரும் எதிருரையில் முதல் அடியே அதில்தான் விழும்.

ஆக, “என் வரைவு எப்படி சார் இருந்தது?” என்று போய் நிற்காதே. அந்தக் கேள்விக்கு “ம், பரவாயில்லை” தவிர வேறு பதில் எந்த சீனியரிடமும் கிடையாது. பிரிவைப் படித்துவிட்டுப் போய், “சார், வாசலில் நிறுத்திய பாராவை எடுத்தது 37(2)-க்காகவா?” என்று கேள். ஆம் என்பார், இல்லை என்பார், அல்லது நீ நினைக்காத மூன்றாவது காரணம் ஒன்றைச் சொல்வார். மூன்றில் எது வந்தாலும் உனக்கு லாபம். பாராட்டுக்கு அலைகிறான் என்று யாரும் நினைக்கவும் முடியாது, ஏனென்றால் நீ உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, வழக்கைப் பற்றிக் கேட்கிறாய்.

அக்கா சுருக்கு என்கிறார், சீனியர் விவரம் போதாது என்கிறார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 6 விதி 2 பார். வழக்குக்கு வேண்டிய முக்கிய சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல், அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தைச் சொல்லாதே என்கிறது. அக்கா சுருக்கச் சொல்வது கண்ணீரையும் வாதத்தையும். சீனியர் கேட்கும் விவரம் வம்சாவளியிலும் சொத்து விவரத்திலும். அவர் “விவரம் போதாது” என்பதை எந்தப் பாராவுக்குப் பக்கத்தில் எழுதினார் என்று நீ சொல்லவே இல்லை. பெரும்பாலும் யார் எப்போது இறந்தார், அவருக்கு வாரிசு யார் யார் என்ற இடமாக இருக்கும். பெண் மக்களை விட்டிருந்தாயா என்றும் பார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு, அதிலும் 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், பிறந்த வீட்டுப் பெண்களைக் கட்சி சேர்க்காமல் பிராது போட்டால் அந்த வழக்கு ஒரு வாய்தாகூடத் தாங்காது.

நோட்டீஸ் மாறாமல் போனது பற்றி இரண்டே வரி. செக் பவுன்ஸுக்கான 138-ஆம் பிரிவு நோட்டீஸில் அவர் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் அது போயாக வேண்டும், பணம் கட்ட 15 நாள் தர வேண்டும், செக் தொகையைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பிறகு போடும் புகார் அடிபடும். அதில் கை வைக்காமல் கையெழுத்துப் போட்டார் என்றால், சென்னைப் படிவத்தில் பத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்.

பழைய குமாஸ்தா:

வக்கீலம்மா எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் நேரம் மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டு தூக்கியவன்.

காலையில் கேட்காதே. பத்தரைக்குக் கோர்ட், அவர் மண்டையில் அன்றைய வாய்தா லிஸ்ட்தான் ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் வேண்டாம். கட்சிக்காரர் முன்னால் கேட்கவே கேட்காதே. பையன் எழுதியதைத் திருத்திப் போட்டாராம் என்று திண்ணையில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த நாள் அந்த ஆள் கட்டைத் திருப்பிக் கேட்பான். இரண்டு நேரம் தோது. ஒன்று, சாயங்காலம் கோர்ட் விட்டு வந்து காபி குடித்து, கட்சிக்காரர் கூடுவதற்கு முன்னால் இருக்கும் இடைவெளி. இன்னொன்று தேவகோட்டை சப்-கோர்ட்டுக்குக் கார் போகும்போது. எந்த வக்கீலும் வண்டியில் வாயை மூடிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிடு.

சொத்து விவரத்தில் சுழித்தார் என்றாயே, அது எதற்கு என்று உன் குமாஸ்தாவைக் கேட்டாயா? சீனியரிடம் மட்டும்தான் கற்றுக்கொள்வேன் என்று இருந்தால் பாதிதான் கிடைக்கும். முன்னும் பின்னும் தெரு இருக்கும் வீட்டுக்கு நான்கெல்லை எழுதும்போது புதுப் பையன்கள் முன்வாசலில் நின்று யோசித்து எழுதுவார்கள். பத்திரத்தில் இருப்பதோ “இன்ன தெருவுக்குத் தெற்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு” என்ற போக்கில் இருக்கும். தெருவுக்குத் தெற்கு என்றால் தெரு நமக்கு வடக்கே. அதைத் தலைகீழாகப் போட்டால் வீடு தெருவைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போய்விடும். தாய்ப்பத்திரத்தில் உள்ளபடியே எழுது. பழைய சர்வே எண்ணையும் இப்போதைய நகர சர்வே எண்ணையும் இரண்டையும் போடு. வில்லங்கச் சான்றோடு ஒத்துப் பார். கடைசியில் ஒரு முறை சப்தமாக வாசித்து இன்னொருவரைப் பத்திரத்தைப் பார்க்கச் சொல். நாங்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் ஒத்துப் பார்ப்போம்.

அப்புறம், உன் சீனியரின் பழைய பாகப்பிரிவினைப் பிராது நாலு அந்த பீரோவில் கட்டாயம் இருக்கும். அனுமதி கேட்டு எடுத்துப் படி. அவர் எந்த வரிசையில் எழுதுகிறார், எந்த வார்த்தையை விடவே மாட்டார் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சிவப்பு மை மிச்சம்.

வைகைக்கரை:

எல்லோரும் சீனியருக்கே பரிந்து பேசுவதுபோல இருக்கிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். உன் சீனியர் அமைதியானவர், நல்லவராகவும் தெரிகிறது. எல்லா இடமும் அப்படி இல்லை. நான் இன்டர்னாக இருந்த ஓர் அலுவலகத்தில் (ஊர், பேர் வேண்டாம்) வரைவைக் கட்சிக்காரர் முன்னாலேயே கிழித்துப் போடுவார். என் குரல் மெலிசாக இருக்கிறது, சேலை கட்டும் விதம் சரியில்லை, “உனக்குக் கல்யாணம்தான் சரி” என்பதெல்லாம் அவர் கணக்கில் அறிவுரை. அப்போது எனக்கும் இதே மாதிரிதான் சொன்னார்கள், சீனியர் எப்படிச் சொன்னாலும் அதில் பாடம் இருக்கும் என்று. கிழித்த தாளில் என்ன பாடம்? எந்த வரி தவறு என்றுகூடத் தெரியாது.

எழுத்தைப் பற்றிச் சொன்னால் எவ்வளவு காரமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆளைப் பற்றிச் சொன்னால் தேவையில்லை. பெண் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்காக: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் ஊழியர் என்ற வரையறைக்குள் பயிற்சியில் இருப்பவரும் வருகிறார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அலுவலகமாக இருந்தாலும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு.

தேவகோட்டை வக்கீல்:

வைகைக்கரை சொல்வதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. திருத்திய தாளைப் பத்திரமாகக் கட்டில் வைக்கிற ஆளுக்குத்தான் நான் சொன்னதெல்லாம் பொருந்தும்.

டைரிக் கட்டத்தை விட்டுவிட்டேன். காலிக் கட்டத்தை நீட்டினால் “நன்று” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நீ செய்த வேலையைப் பக்கத்திலேயே எழுதிக் கொடு, கட்சிக்காரர் பெயர் இல்லாமல்: பாகப்பிரிவினைப் பிராது வரைவு, 138 நோட்டீஸ், வில்லங்கம் ஒத்துப் பார்த்தது, சாட்சி விசாரணையில் குறிப்பு எடுத்தது. அதைப் பார்த்தால் எழுத அவருக்கே ஏதாவது கிடைக்கும். கடைசி நாளில் நீட்டாதே. அன்றைக்கு எல்லோரும் நல்லவர்கள்.

மதுரை ஜூனியர்:

37(1), 37(2) இப்படி ஒரு பாராவில் மாறும் என்று எனக்கே இப்போதுதான் உறைத்தது. இங்கே பெரும்பாலும் ரிட் மனு. மின்னஞ்சல் யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

கழனிவாசல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று தேவகோட்டை போகும் வழியில் கேட்டேன். குமாஸ்தா ஐயா சொன்னபடி முன் சீட்டுதான். “37(2)-க்காகவா சார்?” என்றதும் திரும்பிப் பார்த்தார். ஆம், இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. “அறைச் சாவி யார்கிட்ட இருக்குன்னு அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?” என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை. பிறகு கோர்ட் வரும்வரை அவரேதான் பேசினார். கூட்டு அனுபவம் என்று அவர் எழுதியது முன்னால் ஒரு முறை கட்சிக்காரர் நேரில் சொன்னதை வைத்தாம், ஆனால் கையெழுத்து வாங்கும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார். இறங்கும்போது, “நீயே போன் போட்டுக் கேளு. சாவி, படைப்பு, வரி ரசீது, மூணும் கேட்டுச் சொல்லு” என்றார்.

“விவரம் போதாது” என்பது வம்சாவளிப் பாராவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது அக்கா. இரண்டு அத்தைமார் பெயரும் அவர்கள் வாரிசுகளும் வர வேண்டுமாம்.

ஒரு சந்தேகம். நான் இன்னும் மாணவன். கட்சிக்காரரிடம் நேரடியாகப் பேசலாமா?

பழைய குமாஸ்தா:

சீனியர் சொன்னால் பேசலாம் பேராண்டி. “வக்கீல் ஐயா கேட்கச் சொன்னார்கள்” என்று ஆரம்பி. அவர் உன்னிடம் சட்டம் கேட்டால், ஜெயிக்குமா என்று கேட்டால், “ஐயாவிடமே கேளுங்கள்” என்று சொல்லிவிடு. கேட்டதைத் தனித் தாளில் தேதி போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக் கட்டில் வை. ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதே. அடுத்த முறை வரும்போது அசலும் ஒரு ஜெராக்ஸும் கொண்டுவரச் சொல். மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை போன் போடாதே, நம் ஊர்க்காரர் எங்கே இருந்தாலும் அந்த நேரம் தூக்கம்தான்.